தோல் பந்தும் ரப்பர் பந்தும்: ஜப்பான் தனக்கென்று செய்துகொண்ட பேஸ்பால்

1889 ஜனவரி 26 அன்று கொழும்பில் ஒரு பேஸ்பால் ஆட்டம் நடந்தது. அமெரிக்காவில் பந்தெறிபவராகப் பெயர் பெற்று, பிறகு சிகாகோவில் விளையாட்டுப் பொருள்களுக்கான கடை வைத்துப் பெருஞ்செல்வரான ஆல்பர்ட் ஸ்பால்டிங், இரண்டு அணிகளைக் கப்பலேற்றி உலகைச் சுற்றிவந்த பயணத்தில் கொழும்பும் ஒரு துறைமுகமாக அமைந்தது. அங்கிருந்து எகிப்துக்குப் போய் பிப்ரவரி 9 அன்று பிரமிடுகளுக்கு அருகே மணலில் ஆடினார்கள். அதன்பின் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து என்று பயணம் நீண்டது. ஆட்டத்தைப் பரப்ப வேண்டும் என்ற ஆர்வத்தோடு, தம் கடையின் மட்டைகளுக்கும் பந்துகளுக்கும் வெளிநாட்டுச் சந்தை பிடிக்க வேண்டும் என்ற கணக்கும் ஸ்பால்டிங்குக்கு இருந்தது. கொழும்பில் கிரிக்கெட் அதற்குள் நன்றாக வேர்பிடித்திருந்ததால், வந்தவர்கள் ஆடிவிட்டுப் போனதோடு சரி; அந்த ஒரு நாளால் பேஸ்பால் அங்கே ஊன்றவில்லை.

அந்தக் கப்பல் ஜப்பானுக்குப் போகவில்லை. ஆனால் அது புறப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அங்கே பேஸ்பால் வந்துவிட்டது. 1872இல், பின்னாளில் டோக்கியோ பல்கலைக்கழகமாக வளர்ந்த பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஹோரஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர், தம் மாணவர்களுக்கு ஓய்வு நேரத்தில் பந்தை எறியவும் அடிக்கவும் சொல்லிக்கொடுத்தார். அவர் மெய்ன் மாநிலத்துக்காரர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கெடுத்தவர். அவரிடம் இருந்தவை ஒரு மட்டையும் மூன்று பந்துகளும் என்று அக்கால மாணவர் ஒருவர் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தப் பள்ளி இருந்த கண்டா நிஷிகிச்சோ பகுதியில், ஜப்பானியப் பேஸ்பால் பிறந்த இடம் என்று ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள்: பந்தொன்றை விரல்களால் இறுகப் பற்றிய பெரிய கை. அந்தக் கையில் கையுறை இல்லை. 1872ஐப் பொறுத்தவரை அது மிகச் சரியான சித்திரம், ஏனென்றால் அப்போது அமெரிக்காவிலும் ஆட்டக்காரர்கள் வெறுங்கையால்தான் பந்து பிடித்தார்கள்.

ஒசாகாவில் வேலை நிமித்தமாக வசித்த ஆண்டுகளில், பழைய விளையாட்டுக் கருவிகளைத் தேடிப் பார்ப்பது எனக்கு வழக்கமாயிற்று. டோக்கியோ டோம் அரங்கத்தோடு சேர்ந்துள்ள பேஸ்பால் அருங்காட்சியகத்துக்கு நேரம் கிடைத்தபோதெல்லாம் போனேன். பழம்பொருள் சந்தைகளில் மட்டைகளையும் கையுறைகளையும் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். ஓர் ஆட்டம் வேறொரு நாட்டுக்குப் போய் அந்த மண்ணுக்கே உரியதாக மாறுவது எந்தக் கட்டத்தில் என்பதுதான் என் மனத்தில் இருந்த கேள்வி. விதிநூல் வந்தபோதா, முதல் ஆட்டம் நடந்தபோதா, முதல் வெற்றி கிடைத்தபோதா? இவை எதுவும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. உள்ளூர்க் கைகள் அந்த ஆட்டத்தின் பந்தைச் செய்யத் தொடங்கியபோதுதான் அது நடக்கிறது. அதிலும், வந்த பந்தைப் பார்த்து அதே மாதிரி செய்வதைவிட, தங்கள் பிள்ளைகளுக்கு ஏற்றாற்போல வேறொரு பந்தைச் செய்துகொள்ளும் துணிவு வந்த நாளில்தான் அது முழுமையாக நடக்கிறது.

அந்த நாள் ஜப்பானில் வருவதற்குச் சுமார் 45 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் கருவிகள் வந்து சேர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஹிராவோகா ஹிரோஷி என்பவர் சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குப் போய் ரயில் பெட்டி, எஞ்சின் தொழில்நுட்பம் படித்தவர். 1876இல் ஊர் திரும்பியபோது பெட்டியில் மட்டையும் பந்தும் இருந்தன. ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்த அவர், 1878இல் டோக்கியோவின் ஷிம்பாஷியில் உடன் பணியாற்றியவர்களைச் சேர்த்து ஜப்பானின் முதல் பேஸ்பால் சங்கத்தை அமைத்தார். அவருக்குப் புதிய கருவிகளையும் விதிநூலையும் அமெரிக்காவிலிருந்து அனுப்பியவர் அதே ஸ்பால்டிங்தான். கொழும்பில் நேரில் ஆடிக்காட்டியும் நடக்காதது, ஷிம்பாஷியில் ஓர் அஞ்சல் பொதியால் நடந்தது. ஏனென்றால் அங்கே அந்தப் பொதியை எதிர்பார்த்துக் காத்திருக்க ஓர் ஆள் இருந்தார். ஹிராவோகா பின்னாளில் சொந்தமாக ரயில் பெட்டி செய்யும் தொழிற்சாலையே தொடங்கினார். மரமும் இரும்பும் துணியும் தினமும் கையாளும் மனிதர்கள் நடுவே இந்த ஆட்டம் முதலில் ஊன்றியதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

அக்காலக் கருவிகள் எப்படி இருந்தன என்று அறிய எனக்குத் தெரிந்த மிக நல்ல சான்று ஒரு கவிஞருடையது. ஹைக்கூவைப் புதுப்பித்தவராகப் போற்றப்படும் மசாவோகா ஷிகி, மாணவராக இருந்த நாள்களில் பேஸ்பால் பித்துப் பிடித்துத் திரிந்தவர். 1890இல் மட்டையும் கையுமாக அவர் எடுத்துக்கொண்ட புகைப்படம் இன்றும் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டே அவர் இரத்தம் கக்கத் தொடங்கியிருந்தார். 1896இல், காசநோய் முதுகெலும்பைப் பற்றிப் பெரும்பாலும் படுக்கையில் கிடந்த நிலையில், ‘நிஹோன்’ நாளேட்டில் எழுதிவந்த தொடரில் இந்த ஆட்டத்தைப் படிப்படியாக விளக்கினார்.

ஆட்டத்துக்கு என்னென்ன வேண்டும் என்று அவர் அங்கே ஒரு பட்டியல் தருகிறார். ஆயிரம் ட்சுபோ, அதாவது ஏறக்குறைய 3,300 சதுர மீட்டர் சமதரை. புல்தரையானால் இன்னும் நல்லது. இரண்டு சுன், அதாவது ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள, தோல் போர்த்திய சிறு பந்து. அதன் உள்ளே ரப்பரும் நூலும் திணித்திருக்கும். நான்கு ஷாகு (ஒரு ஷாகு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர்) நீளத்தில், நுனி சற்றுத் தடித்தும் பிடிக்கும் இடம் சற்று மெலிந்தும் உள்ள மரத்தடி. முரட்டுத் துணியால், உட்காரும் மெத்தையைப் போல ஒரு ஷாகு சதுரத்தில் தைத்த, ஓடுபவர் தொட்டுச் செல்லும் மூன்று தளங்கள். அடிப்பவர் நிற்கும் இடத்துக்கும் எறிபவர் நிற்கும் இடத்துக்கும் இரும்புத் தகடு போன்ற ஒவ்வொன்று. பந்து பிடிப்பவருக்குப் பின்னால் கட்ட ஒரு வலை. ஆட்டக்காரர் பதினெட்டுப் பேர், நடுவர் ஒருவர், கணக்கு எழுத ஒருவர்.

இந்தப் பட்டியலில் கையுறை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அளவுகளையும் கவனிக்க வேண்டும். நான்கு ஷாகு என்பது ஏறக்குறைய 121 சென்டிமீட்டர். விதிப்படி மட்டை 42 அங்குலத்தை, அதாவது 107 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பந்தின் உண்மையான விட்டம் 7 சென்டிமீட்டருக்கும் மேல். ஷிகியின் பந்து சிறியது, மட்டை நீளமானது. அவர் குத்துமதிப்பாக எழுதியிருக்கலாம், அல்லது அவர் ஆடிய இடத்தில் யாரோ தச்சர் கையளவில் செய்து கொடுத்த மட்டையே அப்படி இருந்திருக்கலாம். எப்படியானாலும், எழுந்து நிற்க முடியாத ஒருவர், நாட்டின் பெரும்பாலோர் பார்த்தேயிராத பொருள்களை, அவற்றின் தடிப்பும் மெலிவும் திணிப்பும் உட்பட, படிப்பவர் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்ற அளவுக்குத் தெளிவாக எழுதிவைத்தது எனக்கு மிகப் பெரிய காரியமாகப் படுகிறது. இந்த ஆட்டத்தில் இருப்பது ஒரே ஒரு பந்து. பந்து போகும் இடமே ஆட்டத்தின் மையம் என்றும் அவர் எழுதினார். ஷிகி 1902இல், 34 வயதில் இறந்தார்.

ஷிகி எழுதிய அதே 1896ஆம் ஆண்டு மே 23 அன்று, டோக்கியோவின் முதல் உயர்நிலைக் கல்லூரி மாணவர்கள், யோக்கோஹாமாவில் வசித்த வெளிநாட்டவரின் அணியை 29-4 என்று தோற்கடித்தார்கள். அதன்பின் பேஸ்பால் பள்ளிகளில் காட்டுத்தீயாகப் பரவியது. 1905இல் வசேதா பல்கலைக்கழக அணி, பேராசிரியர் அபே இசோவின் தலைமையில் அமெரிக்காவுக்கே போய் 26 ஆட்டங்கள் ஆடி 7இல் வென்று திரும்பியது. புதிய உத்திகளோடு, ஆணி பதித்த காலணி முதலிய புதிய கருவிகளைப் பற்றிய அறிவும் அவர்களோடு வந்தது. ஆனால் கருவிகளுக்கான பணம் யாரிடம் இருந்தது? கல்லூரி மாணவர்களிடம் இருந்தது. தெருப் பிள்ளைகளிடம் இல்லை.

உள்ளூர்த் தொழில் இந்த இடைவெளியில்தான் நுழைந்தது. மிசுனோ ரிஹாச்சி கியோட்டோவில் கடைப்பையனாக வேலை பார்த்தபோது மூன்றாம் உயர்நிலைக் கல்லூரி மைதானத்தில் பேஸ்பாலைக் கண்டு மயங்கியவர். 1906இல் தம்பியோடு சேர்ந்து ஒசாகாவில் ஒரு சிறு கடை போட்டு, மேல்நாட்டுச் சில்லறைச் சாமான்களோடு பேஸ்பால் பந்துகளும் விற்றார். 1913இல் பந்தும் கையுறையும் தாமே செய்யத் தொடங்கினார். 1921இல் நாரா மாவட்டத்தின் மியாக்கே என்ற ஊரில் கையுறைத் தொழில் தொடங்கியது. ஜப்பானின் மிகச் சிறிய ஊராட்சிகளில் ஒன்றான மியாக்கே, இன்றும் கையுறை ஊர் என்றே அறியப்படுகிறது.

கையுறை செய்வது முரட்டு வேலை போலத் தோன்றும். உண்மையில் அது மிக நுணுக்கமானது. தோலின் எந்தப் பகுதி உள்ளங்கைக்கு, எந்தப் பகுதி விரலின் முதுகுக்கு என்று பார்த்து வெட்டுகிறார்கள். முதுகுப் பகுதித் தோல் அடர்த்தியானது. வயிற்றுப் பகுதித் தோல் இழுத்தால் நீளும். துண்டுகளை உள்புறம் வெளியே தெரியுமாறு தைத்து முடித்த பிறகு, ஒவ்வொரு விரலையும் கோலால் குத்தித் திருப்பி வெளிப்புறத்தை வெளியே கொண்டுவர வேண்டும். அதன்பின் சூடேற்றிய, கை வடிவிலான உலோக அச்சின் மீது மாட்டி அடித்து விரல்களுக்கு வடிவம் கொடுக்கிறார்கள். கடைசியில் தோல் வாரைக் கோத்து இழுக்கிறார்கள். இழுப்பின் இறுக்கம் ஓரிடத்தில் பிசகினாலும் பந்து விழும் குழி தவறான இடத்தில் அமைந்துவிடும்.

பழைய கையுறை கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள பகுதியைத்தான். அங்கே ஒரே ஒரு தோல் பட்டை மட்டும் தைத்திருந்தால் அது பழைய அமைப்பு. வார்களால் பின்னிய வலை இருந்தால், அமெரிக்காவில் பில் டோக் என்ற ஆட்டக்காரரின் யோசனைப்படி 1920ஐ ஒட்டி அந்த அமைப்பு சந்தைக்கு வந்த பிறகு செய்யப்பட்டது என்று கொள்ளலாம். அதற்கு முந்தையவை பந்தைப் பிடிப்பதற்கு அல்ல, கையைக் காப்பதற்கு மட்டுமே உதவியவை. எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கி விற்பவர்களிடம் வாங்க வேண்டாம் என்பது என் அறிவுரை. அளவு மீறிய எண்ணெய் தோலைக் கறுப்பாக்கி, நூலை இற்றுப்போகச் செய்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, வெயில் படாமல் வைத்தாலே போதும்.

இனி ரப்பர் பந்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

தோல் பந்து விலை அதிகம். மேலே பட்டால் வலி அதற்கும் அதிகம். 140 கிராமுக்கு மேல் எடையுள்ள, கல் போன்ற அந்தப் பந்தைக் கையுறையும் காப்பும் இல்லாத சிறுவர்களிடம் கொடுக்க முடியாது. அதனால் பிள்ளைகள் டென்னிஸுக்கான ரப்பர் பந்தை வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அது எடை குறைந்தது. எறிந்தால் காற்றில் அலையும், அடித்தால் நசுங்கும். கியோட்டோவில் சிறுவர் பேஸ்பாலில் அக்கறை கொண்ட சிலர் கூடி இதற்கு வழி தேடினார்கள். அவர்களில் முன்னின்ற சுசுகா சகாயே 1918இல் பிள்ளைகளுக்கென்றே ஒரு ரப்பர் பந்தை உருவாக்கினார். உள்ளே காலி, வெளியே கெட்டியான ரப்பர், பரப்பு முழுக்கச் சிறு குழிகள். மிதிவண்டி மிதியின் ரப்பரில் இருந்த மேடுபள்ளங்களைப் பார்த்தே அந்த யோசனை பிறந்தது என்பார்கள். விரல் வழுக்காமல் பற்றுவதற்கும், எறியும்போது பந்து நேராகச் செல்வதற்கும் அந்தக் குழிகள் உதவின. தோல் பந்தில் உள்ள தையல் கோட்டையும் ரப்பரிலேயே மேடாக அச்சிட்டார்கள்.

ஒரு பந்து மாறினால் ஆட்டமே மாறிவிடும். ரப்பர் பந்து தரையில் பட்டதும் தலைக்கு மேலே துள்ளும். ஆகவே தரையோடு வரும் பந்தைப் பிடிப்பவர், அது எழும்பும் முன்பே முன்னோக்கி ஓடிவர வேண்டும். மட்டையில் பட்ட கணத்தில் பந்து தட்டையாக நசுங்கி, அடியின் விசையில் ஒரு பகுதியைத் தானே விழுங்கிக்கொள்ளும். சற்றே கீழே பட்டாலும் உயரே கிளம்பிக் கைக்குப் போய்விடும். அதனால் ஓட்டம் எடுப்பது கடினம். 2014 ஆகஸ்டில் அகாஷி நகரில், ரப்பர் பந்து ஆடும் உயர்நிலைப் பள்ளிகளின் தேசியப் போட்டியின் அரையிறுதியில் சூக்கியோ, சோதோக்கு ஆகிய இரு பள்ளிகளும் நான்கு நாள்கள், 50 இன்னிங்ஸ் (இரு அணிகளும் ஒவ்வொரு முறை அடித்து முடிக்கும் சுற்று) ஆடின. ஐம்பதாவது இன்னிங்ஸில்தான் சூக்கியோ மூன்று ஓட்டங்கள் எடுத்து 3-0 என்று வென்றது. அன்றே நடந்த இறுதி ஆட்டத்திலும் அதுவே வென்றது. அந்த அரையிறுதியின் 50 இன்னிங்ஸிலும் இரு பக்கமும் பந்தெறிபவர் மாறவே இல்லை. அந்தப் பிள்ளைகளின் தோள்களை எண்ணி அப்போது பலர் கவலைப்பட்டார்கள். நானும் அவர்களோடு உடன்படுகிறேன். ஆனால் அந்த ஆட்டம் ரப்பர் பந்தின் குணத்தை அப்படியே எடுத்துக் காட்டியது.

மட்டையும் இந்தப் பந்துக்காக மாறியது. நசுங்கும் பந்து விசையை இழக்கிறது என்றால், பந்துக்குப் பதிலாக மட்டையே நசுங்கட்டும் என்ற எண்ணத்தில், பந்து படும் பகுதியைப் பாலியூரித்தேனால் செய்த மட்டையை 2002இல் மிசுனோ நிறுவனம் கொண்டுவந்தது. பேஸ்பால் பிறந்த நாட்டில் யாருக்கும் தேவைப்படாத ஒரு கருவி அது.

போர்க்காலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தோல் படைவீரர்களின் காலணிக்குப் போனது. 1943இல் ஆங்கில ஆட்டச் சொற்கள் விலக்கப்பட்டன. புகழ்பெற்ற பேஸ்பால் அரங்கமான கோஷியெனின் இரும்புக் கூரையும் உலோகத்துக்காகப் பிரித்தெடுக்கப்பட்டது. 1934இல், பதினேழு வயதில் பேப் ரூத் உள்ளிட்ட அமெரிக்க அணியைத் திணறடித்த பந்தெறியாளர் சவமுரா எய்ஜி, 1944 டிசம்பரில் படைவீரர்களை ஏற்றிச் சென்ற கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியதில் கடலில் மாண்டார். போர் முடிந்தபின் பிள்ளைகளுக்கு மைதானமும் இல்லை, கருவியும் இல்லை. இரண்டே தளங்களை வைத்து முக்கோணமாக ஓடினார்கள். தாய்மார்கள் கூடாரத் துணியிலும் பழைய கித்தானிலும் கையுறை தைத்துக் கொடுத்தார்கள். துணிக் கையுறையால் தோல் பந்தைப் பிடிக்க முடியாது; ரப்பர் பந்தைப் பிடிக்க முடியும். கியோட்டோக்காரர்கள் 1918இல் செய்துவைத்த பந்து, தோலே கிடைக்காத ஒரு தலைமுறையின் பேஸ்பாலைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்படி ஒரு கையுறை என்னிடம் இருக்கிறது. மாதந்தோறும் 21ஆம் தேதி கியோட்டோவின் தோஜி கோயிலில் கூடும் சந்தையில், பழந்துணிகளுக்கு நடுவே கிடந்தது. மங்கிய பச்சைக் கித்தான், இரண்டு மடிப்பு. உள்ளங்கைப் பகுதியில் பஞ்சு திணித்து, அது நகராமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுத் தையல் போட்டிருக்கிறது. கட்டைவிரலின் அடிப்பகுதி ஒருமுறை கிழிந்து, வேறு நிற நூலால் இன்னும் நெருக்கமாகத் தைக்கப்பட்டிருக்கிறது. என் கை அதில் நுழையாது. விற்ற மூதாட்டி அதற்கு வாங்கியது ஒரு தேநீரின் விலைதான்.

ரப்பர் பந்துகளில் மிகப் பழையவை கிடைப்பது அரிது. தோல் நூறாண்டு தாங்கும். ரப்பர் காற்றும் வெளிச்சமும் பட்டு இறுகி, மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் விட்டு, கடைசியில் பொடியாகும். தவிர, பிள்ளைகள் அதன் குழிகள் தேய்ந்து வழவழப்பாகும் வரை ஆடித் தீர்த்துவிடுவார்கள். புகழ்பெற்றவர் கையெழுத்திட்ட தோல் பந்துகளுக்கு ஏலத்தில் கிடைக்கும் விலையில் சிறு பங்குகூட இவற்றுக்கு இல்லை. ஆகவே அக்கறையோடு எடுத்து வைப்பவர்களும் குறைவு.

2018இல் இந்தப் பந்து மீண்டும் மாறியது. ஏ, பி என்று வழங்கிய பழைய அளவுகள் போய், எம் என்ற பந்து வந்தது: 72 மில்லிமீட்டர் விட்டம், 138 கிராம் எடை. எடை சற்றுக் கூடி, துள்ளல் குறைந்து, அது தோல் பந்தை நோக்கி ஓரடி நகர்ந்திருக்கிறது. பின்னாளில் தோல் பந்துக்கு மாறும் மாணவர்களுக்கு இது வசதி என்கிறார்கள்; அதில் உண்மை உண்டு. இருந்தாலும் எனக்கு முழு மனம் இல்லை. ரப்பர் பந்து தோல் பந்துக்கு ஏறும் படியாக மட்டும் பிறக்கவில்லை. தனக்கென ஒரு நடையும் ஒரு திறமையும் கொண்ட ஆட்டமாகவே வளர்ந்தது. வாழ்நாள் முழுதும் அதை மட்டுமே ஆடியவர்கள் ஜப்பானின் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். பழைய பந்துகள் இன்னும் நொறுங்காமல் இருக்கும்போதே, குழிகளின் ஆழம், ரப்பரின் தடிப்பு, துள்ளலின் உயரம் ஆகியவற்றை ஒவ்வொரு காலத்துப் பந்துக்கும் அளந்து பதிந்து வைக்க வேண்டும். அவற்றை வார்த்த அச்சுகளை உலோகக் கழிவாக விற்றுவிடாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வீட்டுப் பரணில் பழைய ரப்பர் பந்து வைத்திருக்கும் ஜப்பானிய நண்பர்களிடம் நான் இப்போது கேட்பதெல்லாம், அதைக் குப்பையில் போடும் முன் ஒருமுறை எடை போட்டுச் சொல்லுங்கள் என்பதுதான்.